கணினி வாங்கச் செல்லும் முன்

(ஜமாஅத் கல்வி உதவிக் குழு நடத்திய பெற்றோர் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மதரஸாவில் ஓதி வந்த ஒருவர் கணினி வாங்குவதைப் பற்றிப் பேச எழுந்து நிற்பதைக் கண்டு உங்களில் சிலர் புன்னகை புரிகிறீர்கள். அதில் தவறில்லை. நாம் ஸனது பெற்று வெளிவந்த காலத்தில் மதரஸாவில் இருந்த ஒரே கணினி அலுவலக அறையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் அருகில் செல்வதற்கே முதல்வர் ஹஜ்ரத்தின் அனுமதி வேண்டும். அந்த நிலையிலிருந்து வந்த நமக்கு இந்தப் பொருளைப் பற்றிப் பேசும் தகுதி படிப்பால் வரவில்லை. ஒருமுறை நன்றாக ஏமாந்ததால் வந்தது. அந்தக் கதையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே தலைவர் அவர்களிடம் இந்த நேரத்தைக் கேட்டுப் பெற்றோம்.

இவ்வாண்டு நமது பைத்துல்மாலிலிருந்து பன்னிரண்டு மாணவ மாணவியருக்குக் கணினி வாங்க வட்டியில்லாக் கடன் வழங்கப்படவிருப்பதை அறிவீர்கள். மாதந்தோறும் சிறுகச் சிறுகத் திருப்பிச் செலுத்த வேண்டிய பணம் அது. வாங்கிய கணினி மூலையில் முடங்கிவிட்டாலும் தவணை முடங்காது. இது கற்பனையாகச் சொல்வதன்று. நம் மஹல்லாவிலேயே நடந்தது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு தாய் தம் மகளின் பி.சி.ஏ. படிப்பிற்காக மடிக்கணினி வாங்க உதவி கேட்டு வந்தார். பைத்துல்மால் 15,000 ரூபாய் கடன் கொடுத்தது. தையல் தைத்துச் சேர்த்த 6,000 ரூபாயை அந்தத் தாய் தம் பங்காகப் போட்டார். கடைக்காரர் ஒரு மடிக்கணினியை எடுத்து வைத்தார். மெல்லியது, எடை குறைந்தது, பார்வைக்கு அழகானது. "காலேஜ் பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார். தாயும் மகளும் அதை நம்பி வாங்கி வந்தனர். நம்மிடம் கொண்டு வந்து காட்டியபோது நாமும் துஆச் செய்து கொடுத்தோம்.

அந்த மடிக்கணினிக்குள் இருந்தது செலரான் வகைப் பிராசஸர். ரேம் 4 ஜி.பி.; அதுவும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, கூட்ட முடியாது. சேமிப்பிடம் 64 ஜி.பி. இ.எம்.எம்.சி.; கைப்பேசியில் இருப்பதைப் போன்ற சில்லு, அதுவும் பற்றவைக்கப்பட்டதே, கழற்றி வேறொன்று மாட்ட முடியாது. விண்டோஸும் அதன் கோப்புகளும் அந்த 64-இல் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. மாதாமாதம் வரும் புதுப்பிப்பு இறங்க இடமில்லாமல் பாதியில் நின்றது. கல்லூரியில் கைப்பேசிச் செயலி உருவாக்கும் பாடம் தொடங்கியபோது, அதற்குரிய ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்ற மென்பொருள் குறைந்தது 8 ஜி.பி. ரேம் கேட்டது. அந்தப் பிள்ளை கடைக்குத் திரும்பிச் சென்றாள். பெட்டி பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அந்த மடிக்கணினி அலமாரிக்குள் போய்விட்டது. ஆனால் அந்தத் தாய் மாதம் 600 ரூபாய் வீதம் இருபத்தைந்து மாதங்கள் ஒரு தவணை தவறாமல் கொண்டு வந்து கட்டினார். 2025 ஜூலையில் கடைசித் தவணை கட்டிய அன்றுதான் பொருள் பயன்படவில்லை என்ற செய்தியையே நம் கணக்கரிடம் கூறினார். "ஏன் அம்மா முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "ஜமாஅத் கொடுத்த உதவியைக் குறை சொன்னது போல் ஆகிவிடும் என்று பயந்தேன் ஹஜ்ரத்" என்றார். அந்த மறுமொழி இன்றளவும் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை.

இனி நம்முடைய கதை. 2022ஆம் ஆண்டு ஜமாஅத் அலுவலகத்திற்குக் கணினி வாங்க நிர்வாகம் முடிவு செய்தது. கடையைத் தேடி, பொருளைத் தேர்ந்தெடுத்து, வவுச்சரில் முதல் கையொப்பமிட்டவர் வேறு யாருமல்லர், இதோ உங்கள் முன் நிற்கும் நாமே. நமக்குப் பழக்கமான ஒரு சகோதரர் ஒரு கடையைக் கைகாட்டினார். கடைக்காரர் "ஐ7 மிஷின் ஹஜ்ரத், ஐ3, ஐ5-க்கெல்லாம் மேலே" என்றார். முகப்பில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள். விலை 22,000. புத்தம் புதிய ஐ7 அந்த விலைக்குக் கிடைக்குமா என்ற கேள்வி நமக்குத் தோன்றவே இல்லை. பில் வேண்டுமானால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கூடும், வேண்டாமென்றால் இந்த விலை என்றார். ஜமாஅத் பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்ற நினைப்பில் வெள்ளைத் தாளில் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வந்தோம். அரசுக்குரிய வரியையும் கொடுக்கவில்லை, நமக்குரிய வாரண்டியையும் பெறவில்லை. இரண்டும் நம் கையொப்பத்தோடு நடந்தன.

2024ஆம் ஆண்டு ரமளானில், இருபத்து நான்காம் நோன்பு அன்று அந்தக் கணினி விழித்தெழவில்லை. ஃபித்ரா பெறுவோர் பட்டியல், நோன்புக் கஞ்சிக் கணக்கு, பதினொரு மாதச் சந்தா வரவு யாவும் அதற்குள். வேறு பிரதி கிடையாது. மோதினாரும் இளைஞர்கள் நால்வரும் பழைய நோட்டுகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று பட்டியலை மீண்டும் எழுதினர். இரண்டு வீடுகள் விடுபட்டுப் போயின. பெருநாள் முடிந்த பிறகே தெரிய வந்தது. அந்த இரு வீட்டாரிடமும் நேரில் சென்று பொறுத்துக்கொள்ளும்படி கேட்டோம்.

பழுது பார்ப்பவர் வந்து கேபினட்டைத் திறந்தபோது, முன்னர் சொன்ன தாயும் மகளும் அங்கு இருந்தனர். தன் மடிக்கணினி பயன்படாததால் அந்தப் பிள்ளை மாலை வேளைகளில் ஜமாஅத் கணினியில்தான் தன் ரெக்கார்டு வேலைகளைச் செய்து வந்தாள் என்பதும் அவையும் போய்விட்டன என்பதும் அன்றுதான் நமக்குத் தெரிந்தது. பிராசஸர் மேல் பொறித்திருந்ததை அவளே படித்துச் சொன்னாள்: ஐ7-2600. "இது இரண்டாம் தலைமுறை ஹஜ்ரத், 2011-இல் வந்தது" என்றாள். ஹார்ட் டிஸ்க்கைப் பழுது பார்ப்பவர் தம் கணினியில் மாட்டி, அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்தார். முப்பத்தோராயிரம் மணி நேரத்திற்கும் மேல். ஒரு நாளும் அணைக்காமல் ஓடினால் மூன்றரை ஆண்டுகள். நம்மிடம் அது இருந்ததோ இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு, அதுவும் நாளுக்குச் சில மணி நேரமே. எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்துக் களைத்த உறுப்புகளுக்குப் புதிய சட்டை மாட்டி நமக்குத் தந்திருக்கிறார்கள்.

அங்காடியில் தானியக் குவியலுக்குள் கரம் நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டறிந்த நிகழ்வை இதே மிம்பரிலிருந்து எத்தனையோ முறை நாம் எடுத்துரைத்திருக்கிறோம். விற்பவரைக் கண்டிக்கவே அதைச் சொல்லி வந்தோம். வாங்கும்போது நாமும் குவியலுக்குள் கை நுழைத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கேபினட்டைத் திறந்த பிறகே உறைத்தது. பழைய பொருளை விற்பது குற்றமன்று. பழையது என்று சொல்லி விற்றிருந்தால் அவரும் தப்பினார், நாமும் தப்பியிருப்போம்.

ஆகவே முதலில் இந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்டெல் பிராசஸர்களில் ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் இருக்கும் படிகள் மட்டுமே. கோட்டிற்குப் பின் வரும் எண்ணின் தொடக்கமே தலைமுறையைச் சொல்லும். ஐ7-2600 இரண்டாம் தலைமுறை. ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. தம்பி என்று நினைக்கப்படும் இந்த ஐ3, அண்ணன் என்று விற்கப்பட்ட அந்த ஐ7-ஐ விட வேகமானது, மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். இன்டெல் நிறுவனம் அண்மை ஆண்டுகளில் 'ஐ' எழுத்தைக் கைவிட்டுக் கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்றெல்லாம் பெயர் வைத்துக் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. அப்போதும் முழு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வதே வழி. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசஸர்களிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. மடிக்கணினிகளில் வரும் ரைசன் 5 7520யு என்ற எண்ணில் முதலில் நிற்கும் 7 என்பது 2023ஆம் ஆண்டு வரிசையைக் குறிக்கிறது. மூன்றாவதாக நிற்கும் 2 என்பதோ அதன் உள்ளமைப்பு 2019-இல் வெளியான ஜென் 2 வகை என்பதைக் குறிக்கிறது. 7530யு என்றால் ஜென் 3. ஓர் இலக்கம்தான் வேறுபாடு. மேலும் அந்த 7520யு உள்ள மடிக்கணினிகளில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும். பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

தலைமுறை முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் என்றால் 2017-இல் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். இதனால் ஏழாம் தலைமுறை வரையிலான கணினிகளை நிறுவனங்கள் ஒதுக்குகின்றன. அவை துடைத்து மெருகேற்றப்பட்டு மறுவிற்பனைக்கு வருகின்றன. விலை மலிவாக இருப்பதன் காரணம் இதுவே. தெரிந்து வாங்கினால் அவற்றுக்கும் பயன் உண்டு, அதைப் பின்னர் சொல்கிறோம்.

பிராசஸரை விடவும் அன்றாட வேகத்தைத் தீர்மானிப்பது சேமிப்பு வட்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும், முள் நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை. கணினியைப் போட்டுவிட்டு தேநீர் அருந்திவிட்டு வரும் பழக்கம் நம் அலுவலகத்தில் எஸ்.எஸ்.டி. மாட்டிய நாளோடு ஒழிந்தது. மாணவருக்கு 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும், 256-ம் பாதகமில்லை. எஸ்.எஸ்.டி. என்றும் எஸ்.டி. என்றும் இ.எம்.எம்.சி. என்றும் ஒலிப்பவற்றை ஒன்றாக எண்ணி ஏமாறாதீர்கள்.

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதைப் படிப்பே தீர்மானிக்கும். பி.காம். பிள்ளைக்குக் கணக்கு மென்பொருளும் விரிதாளும் ஓட 8 ஜி.பி. போதும். கணினி அறிவியல், பொறியியல் பயில்வோருக்கு 16 ஜி.பி. வேண்டும், இப்போது 8 வாங்கி மற்றொரு 8 போடக் காலியிடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினாலும் சரியே. கட்டட வரைபடம், காணொலித் தொகுப்பு போன்றவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படலாம். மற்றவர்க்குத் தேவையில்லை. 'கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் படிக்கவே முடியாது அத்தா' என்று வீட்டில் வாதாடிக்கொண்டிருக்கும் தம்பிமார்கள் பின் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எந்தப் பாடத்திற்கு என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தப் பாடத்தின் பெயர் விளையாட்டாகத்தான் இருக்கும்.

பள்ளிப் பிள்ளைக்குத் தனியாக மடிக்கணினி வேண்டுமா என்று கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை வேண்டியதில்லை என்பது நம் கருத்து. வீட்டில் கூடத்தில் வைக்கும் ஒரு மேசைக்கணினி போதும். அதே விலைக்கு மடிக்கணினியை விட மேசைக்கணினியில் வேகம் கூடுதல், ஓர் உறுப்பு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம், திரையும் பெரிது. விடுதியில் தங்கிப் படிப்போரும் நாள்தோறும் கல்லூரிக்கு எடுத்துச் செல்ல வேண்டியோருமே மடிக்கணினி வாங்க வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு செய்தி. அலுவலகத்திற்குப் புதுக் கணினி வாங்க 2025 நவம்பரில் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கினோம். டிசம்பரில் பணத்தோடு சென்றபோது மூன்று கடைக்காரர்களும் பழைய தாளை ஏற்க மறுத்தனர். ரேமின் விலை மட்டும் இருமடங்கைத் தாண்டியிருந்தது. முதலில் கடைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்றே எண்ணினோம். விசாரித்தால் காரணம் வேறு. உலகின் ரேம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணினிக் கூடங்கள் கேட்கும் நினைவகத்தைச் செய்ய அவை தம் ஆலைகளைத் திருப்பிவிட்டதால் நம்மைப் போன்றோருக்கு வரும் சரக்கு சுருங்கிவிட்டது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த தொழிலையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே கொட்டேஷனை ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் வாங்கி ஒப்பிடுங்கள். போன மாதத் தாளை நீட்டிக் கடைக்காரரோடு சண்டையிட வேண்டாம்.

கொட்டேஷன் என்றால் மொத்தத் தொகை எழுதிய சீட்டு அன்று. பிராசஸரின் முழு எண், மதர்போர்டின் பெயர், ரேம் எத்தனை பட்டைகள், எஸ்.எஸ்.டி.யின் வகை, எஸ்.எம்.பி.எஸ். எந்த நிறுவனத்தினுடையது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு வாரண்டி என்று வரி வரியாக இருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். என்பதை யாரும் கேட்பதில்லை. கேபினட்டோடு இலவசமாக வரும் ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். வீட்டு மின்சாரத்தை வாங்கி எல்லா உறுப்புகளுக்கும் அளந்து ஊட்டுவது அதுதான். அது கெட்டுப்போகும்போது தனியே கெடாமல் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியது. அசெம்பிள் செய்த கணினியில் உறுப்புகளுக்குத் தனித்தனி வாரண்டி. பெட்டியோடு வரும் இன்டெல் பிராசஸருக்கு மூன்று ஆண்டுகள். ஆனால் பழுது என்றால் நாம்தான் கழற்றித் தூக்கிச் செல்ல வேண்டும். கம்பெனிக் கணினிக்குப் பெரும்பாலும் ஓர் ஆண்டே. ஆனால் வீட்டுக்கு ஆள் வருவார். வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை இருந்தால் அசெம்பிள், இல்லையென்றால் கம்பெனி.

சென்னைக்குப் போய் வாங்கினால் மலிவா என்று பலர் கேட்கிறார்கள். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்காத உறுப்பு இல்லை என்பது உண்மை. நாமும் சென்று பார்த்தோம். சிறு உறுப்புகளுக்கு அது சரி. முழுக் கணினி என்றால் மிச்சமாகும் ஆயிரம் ரூபாய் ஒரு வாரண்டிப் பயணத்தில் போய்விடும்.

தவணை முறையைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வட்டியில்லாத் தவணை என்று கிரெடிட் கார்டுகளுக்கு விளம்பரம் செய்கிறார்கள். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அதற்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், பெரும்பாலும் ஒரு செயலாக்கக் கட்டணமும் நம் தலையில் விழும். மொத்தமாகக் கொடுத்தால் அதே தள்ளுபடி கிடைக்குமா என்று கேளுங்கள். வட்டி என்ற பெயர் நீங்கியதால் வட்டி நீங்கிவிடாது. பைத்துல்மால் கடன் இருக்கும்போது அந்த வாசலுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கணினியை ஓடவிட்டுப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசஸரின் பெயரும் ரேமின் அளவும் வட்டு எஸ்.எஸ்.டி.யா ஹார்ட் டிஸ்க்கா என்பதும் தெரியும். கொட்டேஷனோடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விண்டோஸ் முறையானதா என்பதையும் பார்க்க வேண்டும். உரிமம் இன்றிப் போட்டுத் தருவது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. பில்லில் அதற்கு விலையே இருக்காது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற ஐந்தெழுத்தை இட்டு, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடும் எக்ஸ்.பி.ஆர். என்ற மூன்றெழுத்தும் இட்டால் ஒரு செய்தி வரும். ஆறு மாதத்திற்குள் ஒரு நாளைக் காட்டி அன்றோடு முடியும் என்று சொன்னால், அது நிறுவனங்களுக்கான 180 நாள் முறையைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியது என்று ஐயுறலாம். பிறர் உழைப்பைக் காசு கொடாமல் எடுப்பதன் சட்டத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. உலகியல் கேடும் இருக்கிறது: அப்படிப் பூட்டுடைக்கும் மென்பொருள்கள் வழியாகவே பல வைரஸ்கள் நுழைகின்றன. காசில்லை என்றால் அதற்கு நேர்மையான வழி உண்டு. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். லிப்ரே ஆபீஸும் இலவசம்.

நம் மதரஸாவில் இருந்த நான்காம் தலைமுறைக் கணினிகள் மூன்றை ஒதுக்கிவிடலாம் என்று நிர்வாகம் நினைத்தது. 8 ஜி.பி. ரேமோடு ஆளுக்கொரு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் மின்ட் போட்டோம். பிள்ளைகள் அவற்றில்தான் இன்று தட்டச்சுப் பழகுகிறார்கள். பழைய கணினியின் பயன் என்று முன்னர் சொன்னது இதைத்தான். அலுவலகத்திற்கு மட்டும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-இல் புதிதாக அசெம்பிள் செய்து, விண்டோஸ் 11-ஐ விலை கொடுத்து வாங்கினோம். கணக்கருக்கு அறுபது வயது. பழகிய முறையை மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.

அந்தப் புதுக் கணினியில் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய நிக்காஹ் பதிவேட்டின் கோப்பு வேறொரு பென் டிரைவில் தப்பிப் பிழைத்திருந்தது. திறந்தால் மணமக்களின் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக நின்றன! யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். தமிழக அரசு 2010-இலேயே யுனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது, நாம்தான் பிந்திவிட்டோம். மாற்றி மென்பொருளால் யுனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பெயரையும் கைப்பதிவேட்டோடு சரிபார்த்தோம். பாத்திமா மூன்று வகையாக எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுச் சென்னை தமிழ் இணைய மாநாட்டில் உருவான தமிழ் 99 விசைப்பலகை இப்போது விண்டோஸ் 11-இல் தானாகவே வருகிறது. கணினி வாங்கும் வீட்டார் அதை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

மேசைக்கணினியோடு யு.பி.எஸ். கட்டாயம். 600 வி.ஏ. அளவுடையது ஒரு கணினிக்குப் போதும். நீண்ட நேரம் ஓட்டுவதற்கன்று. வேலையைச் சேமித்து முறையாக அணைப்பதற்கு. பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளரும். வீட்டு மின்சாரத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். இன்னொன்று, வெளியே மாட்டும் ஒரு வட்டு வாங்கி, வாரம் ஒருமுறை பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஜமாஅத் கணக்கின் பிரதி இப்போது வெள்ளிதோறும் செயலாளர் வீட்டுக்குப் போகிறது.

பில் இல்லாமல் எந்தக் கணினிக்கும் இனி பைத்துல்மால் கடன் இல்லை என்று நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது. இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நாம். காரணத்தை நீங்கள் அறிவீர்கள். பில் கையில் இருந்தால், கடைக்காரர் சொன்னதொன்று கொடுத்ததொன்று என்றாகும்போது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அந்தத் தாய்க்கு இதை 2023-இல் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

வரும் ஞாயிறு முதல் லுஹர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் கொட்டேஷன்களைப் பார்த்துத் தர ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆண் பிள்ளைகளின் வீட்டாரோடு கடைக்கு வர இரண்டு பொறியியல் மாணவர்கள் முன்வந்துள்ளனர். பெண் பிள்ளைகளுக்காகத் தாய்மாரோடு உடன் வருவதாகச் சொல்லியிருப்பவள், அன்று கேபினட்டுக்குள் எட்டிப் பார்த்து எண்ணைப் படித்துச் சொன்ன அதே பிள்ளை. இப்போது பி.சி.ஏ. இறுதியாண்டு. பன்னிரண்டு பேரின் பட்டியலில் அவள் பெயரும் இருக்கிறது. தன்னுடையதைக் கடைசியாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். கொட்டேஷன் கொண்டு வருவோர் வரி வரியாக எழுதியதையே கொண்டு வாருங்கள். வஸ்ஸலாம்.